செரிப்பது எது? நடுநிலைப் பள்ளி அறிவியல் தமிழில் வினையின் இடம்

0. முன்னுரை

இந்திய மொழிகள் அனைத்திலும் நடுநிலைப் பள்ளி அறிவியல் நூல்களில் தவறாது இடம்பெறும் பாடங்களுள் ஒன்று மனிதச் செரிமான மண்டலம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பின் மனித உறுப்பு மண்டலங்கள் பற்றிய பாடத்தில் இது அறிமுகமாகி, மேல் வகுப்புகளில் விரிகிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2007இல் வெளியிட்ட ஏழாம் வகுப்பு அறிவியல் நூலிலும் விலங்குகளின் உணவூட்டம் என்னும் இயலில் இதுவே முதன்மையான பகுதி.

இப்பாடத்தைப் படித்த மாணவர் பலர் படத்தில் அம்புக்குறியிட்ட உறுப்புகளின் பெயர்களைப் பிழையின்றி எழுதுகின்றனர். 'காலையில் உண்ட இட்டிலி என்னவாயிற்று?' என்று வினவினால், 'இரைப்பையில் செரிமானம் நடைபெறுகிறது' என்பதற்குமேல் செல்லத் தயங்குகின்றனர். இதனைக் கற்பித்தல் முறையின் குறையாகவோ தேர்வு முறையின் விளைவாகவோ காண்பது வழக்கம். பாடம் எழுதப்பட்ட மொழிக்கும் இதில் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை கலைச்சொல் பற்றியவை. கலைச்சொல் என்றால் பெயர்ச்சொல் என்றே அவை கொண்டுள்ளன. செரிமானமோ ஒரு நிகழ்ச்சி. நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டிய சொல் வினை. எனவே இப்பாடத்தின் மொழிச் சிக்கலைப் பெயர்களில் தேடுவதைவிட வினைகளில் தேடுவது பயன்தரும். இங்கு எடுத்துக்காட்டப்படும் தமிழ்த் தொடர்கள் பாடநூல் நடையை ஒட்டி இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை. எந்த ஒரு நூலையும் குறைகூறுவது நோக்கமன்று.

1. பெயர்கள்

உறுப்புப் பெயர்களைப் பொறுத்தவரை தமிழ் வளமுடையது. இரைப்பை என்பது இரை, பை என்னும் இரு எளிய சொற்களின் சேர்க்கை. பொருள் வெளிப்படையாகத் தெரிகிறது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றும் ஈரல் என்னும் ஒரே தலைச்சொல்லின்மேல் அமைந்து, தொட்டால் எப்படி இருக்கும் என்பதைக்கொண்டு உறுப்புகளைப் பிரித்தறிகின்றன. இவை பாடநூலுக்கென ஆக்கப்பட்டவையல்ல. இறைச்சிக் கடையில் ஈரலையும் குடலையும் சுவரொட்டியையும் கண்ட மாணவருக்கு இப்பாடத்தின் பாதிப் பெயர்கள் முன்பே தெரிந்தவை. சுவரொட்டி எனக் கடைக்காரர் தருவது மண்ணீரலையே என்று ஆசிரியர் ஒரு சொல் கூறினால் போதும்.

உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர் எனச் சுரப்புகளுக்கு நீர் என்னும் பொதுவீறு அமைந்திருப்பதும் நல்ல முறையே. உணவுப்பாதையில் சுரப்பது எதுவோ அது நீர் என முடியும் என்பதை மாணவர் தாமே உய்த்துணரலாம்.

கணையம் மட்டும் தனித்து நோக்கத்தக்கது. பழந்தமிழில் அது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் மரத்தைக் குறித்தது. இரைப்பைக்குப் பின்னால் வயிற்றின் குறுக்கே கிடக்கும் உறுப்புக்கு அச்சொல் பொருந்தவே செய்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதே உறுப்பு சதையி எனப்படுகிறது. பான்கிரியாஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'முழுதும் சதை' என்பது பொருள். சதையி அதன் பொருள்பெயர்ப்பு. மராத்தியில் ஸ்வாதுபிண்டம், இந்தியிலும் வங்காளத்திலும் அக்னியாசயம், மலையாளத்தில் ஆக்னேய கிரந்தி, கன்னடத்தில் மேதோஜீரகம், தெலுங்கில் குலோமம் என வழங்குகின்றன. இனிய உருண்டை, நெருப்பின் உறைவிடம், நெருப்புச் சுரப்பி, கொழுப்பைச் செரிப்பது என ஒரே உறுப்பு மொழிக்கு மொழி வேறு பொருளில் பெயர் பெறுகிறது. குலோமம் என்னும் சொல் வடமொழி மருத்துவ நூல்களில் எந்த உறுப்பைக் குறித்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் தெலுங்கு மாணவருக்கு இதனால் இடர்ப்பாடு ஏதும் இல்லை. உறுப்புப் பெயர் ஒரு முகவரி. படத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னால் அது நிலைத்துவிடுகிறது.

பெயர்களில் உண்மையில் இடர் தருவது ஓர் இணை மட்டுமே: சிறுகுடல், பெருங்குடல். வளர்ந்த மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 முதல் 7 மீட்டர் நீளமுடையது. பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர். சிறுமை பெருமை என்பன இங்குக் குறுக்களவைக் குறிக்கின்றன. நீளத்தையே அளவெனக் கொள்ளும் மாணவர் இதனைத் தலைகீழாக விளங்கிக்கொள்வது இயல்பு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இதே இடர் உண்டு. பாடநூலில் ஒரு வரி விளக்கம் இதனைத் தீர்க்கும்.

2. செரி என்னும் வினை

2.1. தமிழில் செரி என்பது பேச்சு வழக்கில் எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் காணலாம்.

(1) எனக்குப் பசிக்கிறது.
(2) எனக்குக் கால் வலிக்கிறது.
(3) எனக்கு இரவு உண்டது செரிக்கவில்லை.

மூன்றிலும் மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். நிகழ்வது அவருடைய செயலன்று, அவருக்கு நேர்வது. பசி, வலி, செரி ஆகியவை வல்லின விகுதி ஏற்கும் வடிவில் இருந்தாலும் செயப்படுபொருள் குன்றிய வினைகளே. சில வட்டாரங்களில் வழங்கும் செமி என்னும் வடிவும் இவ்வாறே அமைகிறது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில் இப்பொருளில் ஆளப்படும் அறு என்னும் வினையும் தன்வினையே. உண்டது தானே அற்றுப்போகிறது. அதனை அறுப்பவர் எவரும் இல்லை.

2.2. தமிழ் வினைகளுள் ஒரு பெருந்தொகுதி தன்வினை, பிறவினை இணைகளாக வருவது யாவரும் அறிந்தது.

(4) உடைகிறது – உடைக்கிறது
 கரைகிறது – கரைக்கிறது
 பிரிகிறது – பிரிக்கிறது
 சிதைகிறது – சிதைக்கிறது
 குழைகிறது – குழைக்கிறது

எது நிகழ்கிறது, எது நிகழ்த்துகிறது என்னும் வேறுபாட்டை வினை வடிவமே இங்குக் காட்டிவிடுகிறது. செரி இத்தொகுதியைச் சேர்ந்ததன்று. செரிக்கிறது என்பதற்கு இணையாக மெல்லின வடிவம் எதுவும் இல்லை. செரிப்பி என்னும் பிறவினை இலக்கண நெறிக்குப் பொருந்துவதே ஆயினும் இன்றைய உரைநடையில் அருகியே வழங்குகிறது.

2.3. பாடநூல் இவ்வினையைப் பயன்படுத்தும்போது நான்கு வகைத் தொடர்கள் தோன்றுகின்றன.

(5) உமிழ்நீரில் ஸ்டார்ச் செரிக்கிறது.
(6) உமிழ்நீர் ஸ்டார்ச்சைச் செரிக்கிறது.
(7) உமிழ்நீரினால் ஸ்டார்ச் செரிக்கப்படுகிறது.
(8) வாயில் ஸ்டார்ச்சின் செரிமானம் நடைபெறுகிறது.

(5) பேச்சு வழக்கின் இலக்கணத்தோடு இயைவது. (6) வேறு வகையானது. இதில் செரி செயப்படுபொருள் ஏற்கிறது. இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது? முன்னைய தலைமுறையின் பாடநூல்களிலும் மருத்துவ நூல்களிலும் வழங்கிய ஜீரணி என்னும் வினையை நினைவுகூர்ந்தால் விடை தெளிவாகும். அது வடமொழிப் பெயரோடு இகரம் சேர்த்து ஆக்கப்பட்டது, செயப்படுபொருள் ஏற்பது. 'அச்செய்தியை அவரால் ஜீரணிக்க முடியவில்லை' என்னும் வழக்கில் அது இன்றும் வாழ்கிறது. ஜீரணம் என்பதற்கு மாற்றாகச் செரிமானம் என்னும் பெயரை ஏற்றபோது, ஜீரணி என்பதற்கு மாற்றாகச் செரி என்னும் வினையும் வந்தமர்ந்தது. பெயருக்குப் பெயர் சரியாகப் பொருந்தியது. வினைக்கு வினை மாற்றியபோது, பழைய வினையின் வேற்றுமைச் சட்டகம் புதிய வினையின்மேல் ஏற்றப்பட்டது. அதனை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதனைப் பிழை எனல் பொருந்தாது. மொழியில் வினைகள் இவ்வாறு தம் எல்லையை விரிப்பது இயல்பே. ஆனால் இதன் விளைவு கருதற்குரியது. தமிழில் அஃறிணைச் செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமை உருபு இன்றியும் வரும். அந்நிலையில் எது எழுவாய், எது செயப்படுபொருள் என்பதை வினையின் இயல்பே காட்ட வேண்டும். 'புரதம் உடைக்கும் நொதி' என்பதில் ஐயமில்லை. உடைப்பது நொதி, உடைவது புரதம். 'புரதம் செரிக்கும் நொதி' என்பதிலோ, புரதத்தைச் செரிப்பது நொதியா, நொதியினால் புரதம் தானே செரிக்கிறதா என்பது சொல்லமைப்பால் விளங்கவில்லை. முன்பே விடை அறிந்தவருக்கு இது சிக்கலன்று. விடையைக் கற்க வந்த பன்னிரண்டு வயது மாணவருக்குச் சிக்கலே.

2.4. இச்சிக்கலைப் பாடநூலாசிரியர்கள் உள்ளூர உணர்ந்திருக்க வேண்டும். அதனாற்போலும் (7), (8) ஆகிய வகைகள் பாடநூல் நடையில் மிகுகின்றன. செயப்பாட்டு வினையில் கருவி ஒரு வேற்றுமை உருபுக்குள் ஒதுங்குகிறது. (8)இல் அது மறைந்தே போகிறது. எஞ்சுவது செரிமானம் என்னும் பெயரும், நடைபெறு என்னும் வெற்று வினையுமே. வருமானம், பெறுமானம், கட்டுமானம் என்பவற்றைப் போல வினையடியோடு மானம் சேர்ந்து பெயராகிய செரிமானம் ஒரு முடிந்த பொருள்போலத் தோன்றுகிறது. விழா நடைபெறுவதுபோல் செரிமானமும் நடைபெறுகிறது. எது எதனை என்ன செய்தது என்னும் வினாவுக்கு அத்தொடரில் இடமே இல்லை. மாணவர் 'செரிமானம் நடைபெறுகிறது' என்று கூறி நின்றுவிடுவதற்கு, அவர் படித்த தொடரே அங்கு நின்றுவிடுவதும் ஒரு காரணம்.

3. பிற இந்திய மொழிகள்

இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையா என்பதை ஒப்பிட்டுக் காண்பது தகும். இந்தியில் பச்னா, பசானா என்னும் இணை உண்டு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மலையாளத்தில் தஹிக்குக, தஹிப்பிக்குக என்பன வழங்குகின்றன. தெலுங்கில் மக்கள் வழக்கில் அருகு, அரிகிஞ்சு. கன்னடத்தில் அரகு, அரகிசு. இம்மொழிகள் அனைத்திலும் உணவு செரிவதும் உணவைச் செரிக்கச் செய்வதும் வினை வடிவத்தாலேயே வேறுபடுகின்றன. தமிழில் மட்டும் ஒரே வடிவம் இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டியுள்ளது.

எனினும் அம்மொழிகளின் பாடநூல்கள் இவ்வளத்தைப் பயன்படுத்துகின்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே கூறலாம். இந்திப் பாடநூல் நடை பச்னா, பசானா என்னும் வீட்டு வினைகளைவிடப் பாசனம் என்னும் வடமொழிப் பெயரையே நாடுகிறது. தெலுங்கு நூல்களும் கன்னட நூல்களும் அருகு, அரகு ஆகியவற்றை விடுத்து ஜீரணம் என்பதன்மேல் துணைவினை சேர்க்கின்றன. இதில் இந்திய மொழிகளின் பள்ளி அறிவியல் நடைக்குப் பொதுவான ஓர் இயல்பைக் காண்கிறோம். நிகழ்ச்சியைப் பெயராக்கி, அப்பெயரின்மேல் பொருளற்ற ஒரு வினையை ஏற்றுவது அறிவியல் நடை எனக் கருதப்படுகிறது. வீட்டில் வழங்கும் வினை வகுப்பறை வாயிலில் நின்றுவிடுகிறது.

1961இல் நிறுவப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் கலைச்சொற்கள் வடமொழி வேர்களைப் பெரிதும் சார்ந்தவை. இந்திய மொழிகளுக்கிடையே ஒருமை காக்க இது உதவும் என்னும் கருத்து நெடுநாள் வழங்கியது. செரிமானப் பாடம் இதற்கு ஒரு நல்ல சோதனை. தஹனம் என்பது இந்தி அறிவியல் நூலில் எரிதல். எட்டாம் வகுப்பில் மெழுகுவத்திச் சுடரைப் பற்றிய பாடத்தின் தலைப்பில் அச்சொல் நிற்கிறது. மலையாளத்தில் தஹனம் என்பது செரிமானம். தமிழில் தகனம் பிணத்தை எரித்தல். வேர் ஒன்றாக இருந்தும் மாணவர் மூவர் மூன்று வேறு பொருள்களை உணர்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் வேர்ச்சொல்லின் ஒருமையை நம்பிச் செல்லுதல் எவ்வளவு இடருடையது என்பதற்கு இது சான்று.

4. வினைக்குள் உறையும் உருவகம்

தஹனம் நம்மை மற்றொரு வினாவுக்கு இட்டுச் செல்கிறது. இந்திய மொழிகளில் செரிமானத்தைக் குறிக்கும் சொற்கள் மூன்று பழைய உருவகங்களில் அடங்குகின்றன. பாசனம், வங்காளத்தில் இரைப்பையைக் குறிக்கும் பாகஸ்தலீ ஆகியவை சமைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. ஜீரணம் முதிர்ந்து தேய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தஹனம், அக்னியாசயம் ஆகியவை நெருப்பைக் குறிப்பவை. வயிற்றுத் தீ என்னும் கருத்து தமிழ் மரபிலும் பழமையானது. திருக்குறளின் மேற்சொன்ன அதிகாரத்திலும் அது இடம்பெறுகிறது.

ஐரோப்பிய மரபும் இதற்கு விலக்கன்று. 1836இல் தியோடர் ஷ்வான் இரைப்பையின் செரிபொருளுக்கு இட்ட பெப்சின் என்னும் பெயர், சமைத்தலையும் கனிதலையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்தது. அக்கிரேக்கச் சொல்லும் வடமொழியின் பச் என்னும் வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள். நம் பக்குவமும் பெப்சினும் உறவினர் எனலாம். என்சைம் என்பதும் புளிமாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை உட்கொண்டது. தமிழில் அதனை நொதி என்றதும் இலங்கையில் நொதியம் என்றதும் இம்மரபையே பின்பற்றின.

சொல்லின் பிறப்பில் உருவகம் இருப்பதால் தீங்கில்லை. அவ்வுருவகம் மாணவர் உள்ளத்தில் விளக்கமாக மாறும்போதே இடர் தோன்றுகிறது. உணவு வயிற்றில் எரிந்து ஆற்றல் தருகிறது என்னும் தவறான எண்ணம் பரவலானது. செரிமானத்தில் எதுவும் எரிவதில்லை. ஏறத்தாழ 37 பாகை செல்சியசு வெப்பத்தில், நொதிகளின் உதவியால், நீர் மூலக்கூறுகள் பெரிய மூலக்கூறுகளின் பிணைப்புகளில் நுழைந்து அவற்றைப் பகுக்கின்றன. நீராற்பகுத்தல் என்னும் தமிழ்ச் சொல் இதனைத் துல்லியமாகக் கூறுகிறது. ஆற்றல் பின்னர், உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், சுவாசத்தின்போது வெளிப்படுகிறது. செரிமானம், சுவாசம் என்னும் இரு பாடங்களும் தனித்தனி இயல்களில் நிற்பதால், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை மாணவர் நெருப்பு உருவகத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். இந்த ஒரு நிலையில் செரி என்னும் தமிழ் வினைக்கு ஒரு நன்மை உண்டு. அது இன்றைய பேச்சில் சமைத்தலையோ எரித்தலையோ நினைவூட்டுவதில்லை. அதன்மேல் புதிய வரையறையை எழுத இடமுண்டு.

5. அண்டைச் சொற்கள்

ஒரு கலைச்சொல்லின் பொருள் அதன் அண்டைச் சொற்களாலும் வரையறுக்கப்படுகிறது. இப்பாடத்தில் மூன்று இடங்களில் எல்லை குழம்புகிறது.

5.1. மாவுச்சத்து. இச்சொல் கார்போஹைட்ரேட் என்னும் பெருவகுப்பையும் ஸ்டார்ச் என்னும் அதன் ஒரு வகையையும் குறிக்கப் பயன்படுகிறது. 'மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது' என்னும் தொடரை முதற்பொருளில் கொண்டால், சர்க்கரை மாவுச்சத்து அன்று என்றாகிவிடும். அயோடின் சோதனையில் இக்குழப்பம் வெளிப்படுகிறது. சோற்றின்மேல் அயோடின் கரைசலை இட்டால் கருநீல நிறம் தோன்றும். நன்கு மென்ற சோற்றில் அந்நிறம் குன்றும் அல்லது தோன்றாது. 'மாவுச்சத்து இல்லை' என்று மாணவர் எழுதுவர். ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை வந்துள்ளது, கார்போஹைட்ரேட் எங்கும் போய்விடவில்லை என்பதே உண்மை. ஸ்டார்ச்சுக்குத் தரசம் எனவோ இலங்கை வழக்கில் உள்ளபடி மாப்பொருள் எனவோ தனிச்சொல் வைத்துக்கொள்வது நலம். ஒலிபெயர்ப்பே ஆயினும் தீங்கில்லை. ஒரு நூல் முழுதும் ஒன்றே வழங்க வேண்டும் என்பதே இன்றியமையாதது.

5.2. உறிஞ்சுதல். முன்னர் உட்கிரகித்தல் என்றிருந்ததை உறிஞ்சுதல் என எளிமையாக்கியது வரவேற்கத்தக்கது. இதனின்று தோன்றிய குடலுறிஞ்சி என்னும் பெயர், சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணமைப்புகளைச் செயலால் குறிக்கிறது. இலங்கை வழக்கின் சடைமுளை அவற்றை வடிவத்தால் குறிக்கிறது. இந்தியில் தீர்க்கரோமம், ரஸாங்குரம் என இரண்டும் உண்டு; முன்னது வடிவம், பின்னது வடிவமும் செயலும். குடலுறிஞ்சி என்றவுடன் மாணவர் உறிஞ்சுகுழல்போன்ற ஒன்றை எண்ணுகின்றனர். இவ்வமைப்புகளின் சிறப்பு சுவரின் பரப்பைப் பன்மடங்கு பெருக்குவதில் உள்ளது. சடைமுளை என்னும் பெயர், 'ஏன் இத்தனை முளைகள்?' என்று வினவத் தூண்டுகிறது. குடலுறிஞ்சி அவ்வினா எழுமுன்னரே விடை கூறிவிடுகிறது. இரு வழக்குகளையும் அறிந்த ஆசிரியர் இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பயன்கொள்ளலாம்.

5.3. கழிவு. செரிக்காத உணவு மலமாக வெளியேறுவது வேறு. உயிரணுக்களில் உண்டான யூரியா முதலியன சிறுநீரகம் வழியே நீங்குவது வேறு. இந்தியில் முன்னது நிஷ்காசனம், பின்னது உத்சர்ஜனம். தமிழில் இரண்டும் கழிவு வெளியேற்றம், கழிவு நீக்கம் என ஏறத்தாழ ஒரே சொற்களில் வருகின்றன. இதனால் மலமும் சிறுநீரும் ஒரே வகை எனப்படுகின்றன. செரிக்காத உணவு உடலுக்குள் உண்மையில் நுழைந்ததே இல்லை. வாய் முதல் மலவாய் வரையிலான குழாயின் உட்பகுதியைக் கடந்து சென்றது, அவ்வளவே. இவ்வுண்மை செரிமானப் பாடத்தின் உயிர்நாடி. குடற்சுவரைக் கடத்தலே உடலுக்குள் நுழைதல். அதற்காகவே உணவு சிறிதாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கும்போது இவ்வுண்மை மறைந்துவிடுகிறது. முன்னதை மலம் வெளியேற்றம் என்றே வெளிப்படையாகக் கூறலாம். நாகரிகம் கருதிப் பொதுச்சொல் பெய்வது அறிவியலுக்கு இழப்பு.

6. ஒரு மாற்று வரைவு

மேற்கூறியவற்றை மனங்கொண்டு ஏழாம் வகுப்பு மாணவருக்கென ஒரு பத்தியை எழுதிப் பார்க்கலாம்:

"பருப்புச் சோறும் நெய்யும் உண்கிறோம். சோற்றில் உள்ள ஸ்டார்ச் மிகப் பெரிய மூலக்கூறு. அது குடற்சுவரைக் கடந்து இரத்தத்திற்குள் நுழைய முடியாது. அதற்கு அது சிறு துண்டுகளாக உடைய வேண்டும். பற்கள் சோற்றை அரைக்கின்றன. எவ்வளவு அரைத்தாலும் ஸ்டார்ச் ஸ்டார்ச்சாகவே இருக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதிதான் ஸ்டார்ச்சை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பை உணவைப் பிசைந்து கூழாக்குகிறது. அங்குள்ள அமிலத்தில் அமைலேஸ் செயலிழக்கிறது; பெப்சின் என்னும் வேறொரு நொதி பருப்பின் புரதத்தை உடைக்கத் தொடங்குகிறது. கூழ் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. பித்தநீர் நெய்யை நுண்துளிகளாகப் பிரிக்கிறது. கணையநீரில் உள்ள நொதிகள் ஸ்டார்ச்சையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கின்றன. சிறுகுடற்சுவரின் நொதிகள் எஞ்சியதை உடைத்து முடிக்கின்றன. இவ்வாறு, குடற்சுவரைக் கடக்கும் அளவுக்கு உணவு சிறிதாகிவிட்டால், உணவு செரித்துவிட்டது என்கிறோம்."

இப்பத்தியில் செரி ஒரே ஒருமுறை, இறுதியில், தன்வினையாக வருகிறது. அதற்கு முன் வரும் அரை, பிசை, பிரி, உடை ஆகிய வினைகள் மாணவர் வீட்டில் அன்றாடம் கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் தெளிவான எழுவாய் உண்டு. பல் அரைக்கிறது, பித்தநீர் பிரிக்கிறது, நொதி உடைக்கிறது என்னும் பகுப்பு, இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் வினையாலேயே வேறுபடுத்துகிறது. பித்தநீரில் செரிக்கும் நொதி இல்லை என்பதைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எழவில்லை. 'பித்தநீர் கொழுப்பைச் செரிக்கிறது' என எழுதும்போது நேரும் பிழை இங்கு நேர வழியே இல்லை.

பத்தி சற்று நீண்டுவிட்டது என்று கூறலாம். பாடநூலில் பக்க வரையறை உண்டு. பெயராக்கத் தொடர் சுருக்கமானது. தேர்வில் விடை திருத்தவும் எளிது. இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. மேல் வகுப்புகளில் செரிமானம், உட்கிரகிப்பு போன்ற பெயர்களின்றி அறிவியல் எழுத இயலாது என்பதும் உண்மை. நிகழ்ச்சியைப் பெயராக்கிச் சுருக்கிக் கையாளுதல் அறிவியல் சிந்தனையின் ஒரு படி. ஆனால் சுருக்குவதற்கு முன் விரித்துக் காட்டியிருக்க வேண்டும். விரிவு அறியாதவருக்குச் சுருக்கம் வெறும் ஒலி. நடுநிலைப் பள்ளியே அவ்விரிவுக்குரிய இடம்.

மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. அது கலைச்சொற்களின் சுமையைக் குறைத்து, மாணவர் செய்து பார்த்துத் தம் சொற்களில் கூறுதலை முன்வைத்தது. அத்திட்டத்தைக் கல்வி முயற்சியாகவே பலர் மதிப்பிட்டுள்ளனர். அறிவியல் இந்தியின் வினைகளை மீட்டெடுத்த மொழி முயற்சியாகவும் அதனைக் காண இடமுண்டு.

7. முடிவுரை

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பிக்க முனைந்தபோது, உடலமைப்பியல், உடலியங்கியல், உடல்நலவியல் ஆகியவற்றுக்கு அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் எனப் பெயரிட்டார்; அந்நூல் 1857இல் வெளிவந்தது. அம்மூன்று சொற்களும் இன்று வழக்கில் இல்லை. அவற்றுக்குப்பின் வந்த சொற்களுள் பலவும் மாறிவிட்டன. பெயர்கள் மாறினாலும் அறிவியல் தமிழ் நின்றுவிடவில்லை. எனவே இன்றைய பெயர்களுள் எது சிறந்தது என்னும் வாதத்தில் நம் ஆற்றல் முழுவதையும் செலவிடுவது தேவையன்று.

கலைச்சொல் அகராதி தொகுப்போர் ஒவ்வொரு பெயருக்கும் உரிய வினையையும், அவ்வினை ஏற்கும் வேற்றுமைகளையும், ஓர் எடுத்துக்காட்டுத் தொடரையும் உடன் தருதல் வேண்டும். செரிமானம் என்னும் பதிவின் கீழ் 'உணவு செரிக்கிறது', 'நொதி உணவை உடைக்கிறது' என்னும் இரண்டு தொடர்கள் இருந்தாலே பாடநூலாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பெருந்துணையாகும். பாடநூல் மேலாய்வுக் குழுக்களில் பாட வல்லுநரோடு மொழியியலார் ஒருவரும் இருப்பாராயின், அவர் முதலில் கேட்க வேண்டியது 'இச்சொல் தூய தமிழா?' என்பதன்று, 'இத்தொடரில் எது எதனைச் செய்கிறது?' என்பதே. அவ்வினாவுக்கு விடை தராத தொடர், எவ்வளவு நல்ல கலைச்சொற்களால் ஆனதாயினும், வகுப்பறைக்குச் செல்லத் தகுதி பெறவில்லை எனக் கொள்ளலாம்.